பின்னால வண்டி காலியா வருது

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடிக் கிடந்த
இருபது நிமிஷத்தில் மூன்று போன்.
மூன்றும் ஆஸ்பத்திரியிலிருந்து.
"மேடம், நெட்டு இருக்கு. ஆனா இல்ல."
இந்த ஒரு வாக்கியத்தில்தான் எனக்குச் சோறு.

வந்து மடிக்கணினியைத் திறந்தால்
மூன்றாம் மாடி, பிரசவ வார்டு: எழுபத்தொரு கருவிகள்.
லேப் வாசலில் நான்கு.
மருந்து தரும் இடத்தில் ஒன்று, அதுவும் பிரிண்டர்.
எல்லா இடத்திலும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு,
கூரையில் ஒரே மாதிரி வெள்ளைத் தட்டு, பச்சை விளக்கு.
கூட்டம் மட்டும் ஒன்றின் தலையில்.

இருபத்தொன்பது சி-யில் தொங்கிப் படித்தவள் நான்.
படிக்கட்டைப் பார்த்துக் கண்டக்டர் கத்துவார்,
பின்னால வண்டி காலியா வருது, இறங்கு, இறங்கு.
ஒருத்தரும் இறங்கிப் பார்த்ததில்லை.
வருகிற வண்டியை யார் கண்டது?
கால் பதிந்த படிதான் வண்டி.

நாற்பதுக்கு மேல் சேர்க்காதே என்று எழுதினேன்.
மறுத்தால் பக்கத்தில் தேடும்.
தேடின.
ஜீனத்-விவோ இரண்டாம் மாடிக்கு.
அம்மா-சாம்சங் லேப் பக்கம்.
பெயரே வைக்காத ஏதோ ஒன்று, வெறும் எண்களாய்,
பிரிண்டருக்குத் துணையாகப் போய் உட்கார்ந்தது.

டில்லிபாபு-ரெட்மி போகவில்லை.
சிக்னல் கழித்தல் எண்பத்தொன்று.
சிக்னலா அது,
சுவருக்கு அப்பால் பக்கத்து வீட்டு இருமல்.
தள்ளினேன். வந்தது.
தள்ளினேன்.
வந்தது.

பெட்டியோடு வந்த விதி ஒன்று உண்டு, நான் போட்டதல்ல:
மூன்று முறை மறு.
நான்காம் முறையும் அதே கதவைத் தட்டினால்
திறந்துவிடு.
எந்த ஊரில் எவன் எழுதினானோ,
அவனும் ஏதோ வாசலில் நின்றவனாகத்தான் இருக்கும்.

ஆனால் கணக்கு இரக்கப்படாது.
தூரத்துக் கருவி இழுத்து இழுத்துப் பேசும்,
அது முடிக்கும்வரை மற்றதெல்லாம் வாய்மூடி நிற்கும்.
ரேஷன் கடையில் சில்லறை எண்ணுகிறவர் முதுகுக்குப் பின்னால்போல
நின்றது நர்ஸின் டேப்லெட்.
அதற்குள் இரண்டு கிலோ அறுநூறு கிராம்,
யாருடைய குழந்தையோ, இன்னும் பதிவேறாமல்.

ஆளைத் தேடி இறங்கினேன்.
கேட்டுக்கு வெளியே பைக் மேல் ஒருவன்,
கழுத்தை ஒடித்துக்கொண்டு மூன்றாம் மாடி ஜன்னலைப் பார்த்தபடி.
கையில் போன். போனில் சுற்றும் வட்டம்.
"மேல ஆம்பளைங்கள விடமாட்டாங்க.
காலையிலேந்து இதே கதிதான்" என்றார் செக்யூரிட்டி பர்னபாஸ்.

அவனிடம் என்ன சொல்வது?
உன் போனால் ஒரு மாடியே திணறுகிறது என்றா?

பையில் ஒரு பழைய பெட்டி இருந்தது,
தண்டையார்பேட்டையில் கழற்றியது, மூலை உடைந்தது.
பர்னபாஸ் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார்.
அவர் கூண்டின் நெற்றியில் முடுக்கினேன்.
ஆரஞ்சு, ஆரஞ்சு, பச்சை.

டில்லிபாபு-ரெட்மி: கழித்தல் நாற்பத்தெட்டு.
அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.
வட்டம் நின்று, திரையில்
பாதி நெற்றியும் ஒரு மின்விசிறியும் தெரிந்தன.
மாடியில் முப்பத்தெட்டு.
அறுநூறு கிராமும் போய்ச் சேர்ந்திருக்கும்.

நாலரைக்கு உள்ளேயிருந்து குரல்:
டில்லிபாபு யாருப்பா?
பைக் ஸ்டாண்டுகூடச் சரியாக நிற்கவில்லை, ஓடினான்.

நான் திரையைப் பார்த்திருந்தேன்.
கழித்தல் அறுபது. எழுபத்திரண்டு.
எண்பத்து நான்கு.
ஆள் மூன்றாம் மாடியில், தலைக்கு நேர்மேலே
இரண்டு இடம் காலி.
போன் மட்டும் இன்னும் கேட்டிலேயே நிற்கிறது,
உடைந்த மூலையைப் பிடித்துக்கொண்டு.

தள்ளிவிடலாம்.
பர்னபாஸ் டீ வாங்கி வந்து நீட்டினார்.
கொஞ்சம் ஆறட்டும் என்றேன்.